விட்டுக்கலாமுங்க

ஈரோட்டில் எனக்கு முதலில் தெரிந்தவை எலும்புகள்.
பெயர்கள் பிறகுதான் வந்தன.
சூரம்பட்டிச் சென்னியப்பன்
கீறல் விழுந்த ஒரு வலது மணிக்கட்டு.
மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்
முதுகுத் தண்டின் அடியில்
தேய்ந்து குறுகிய ஓர் இடைவெளி.
ஆறு வயதுப் பிரதிக்‌ஷா
விழுங்கிய ஒற்றை ரூபாய்.
படத்தில் பூவா தலையா தெரியாது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பேன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நானும் பிடித்துக்கொள்வேன், பழக்கம்.
பொத்தான். டிக்.
"விடுங்க."
அவர்கள் விட்டுவிட்டுச் சட்டை மாட்டிப் போய்விடுவார்கள்.
தூத்துக்குடியிலிருந்து
ஒரு சூட்கேசும் சிலிண்டர் புத்தகமுமாக
ஆடியில் வந்து இறங்கிய நான்
பிடித்தது பிடித்தபடி இருந்தேன்.

கடற்கரைக்காரிக்குத் திசை ஒன்றுதான்.
கடல் இருக்கும் பக்கம் கிழக்கு,
மற்றதெல்லாம் மற்றது.
இங்கே வழி கேட்டால்
இடது வலது யாரும் சொல்வதில்லை.
"வடக்கால போயி மேக்கால திரும்புங்க,
வேப்பமரத்துக்கு அக்கட்டால."
முதல் வாரம் பால் வாங்கக் கிளம்பி
கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் போய் நின்றேன்.
கயிற்றைப் பிடித்திருந்த ஒருவர்
என் தூக்குவாளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"பாலு மட்டும் தர்றதில்லீங்க, மாட்டோடதான்."
இந்த ஊரில் நான் முதலில் சிரித்தது அன்றைக்கு.

சொல்லப்போனால்
எனக்கு நன்றி சொல்ல வராது.
எங்கள் வீட்டில் அது
ஆண்டு விழாவில், கையில் மைக் இருந்தால் சொல்வது.
கேட்காமல் நாலு சாளை கூடப் போட்டவளிடம்
"வாரேன்" என்போம், அவ்வளவுதான்.
இவர்களோ அதை ஒரு 'ங்' ஆகத் தேய்த்து
எல்லாச் சொல்லின் வாலிலும் கட்டியிருக்கிறார்கள்.
சரிங். ஆமாங். இல்லீங்.
பஸ்ஸில் கைக்குழந்தையைக்கூட
"கண்ணு, அழுவாதீங்க" என்கிறார் கண்டக்டர்.

அது என் நாக்கில் ஒட்டவில்லை.
அதனால் சொல்லாமல் விட்டவை சேர்ந்துவிட்டன:
மோட்டார் போடும்போதெல்லாம்
"ஜெனிட்டா, தண்ணி வருதுங்" என்று
மாடியைப் பார்த்துக் கூவிய,
இரண்டு தேதி தள்ளிக் கொடுத்த வாடகையை
காலண்டரைப் பார்க்காமல் வாங்கிக்கொண்ட
மயிலாத்தாள் அக்காவுக்கு.
உப்புப் பாக்கெட்டின் முதுகில்
பொடி எழுத்தில் என் ஊர்ப் பெயரைக் காட்டி
"உங்கூருதானுங்க எங்க கொழம்புல" என்ற
மளிகைக்கடைப் பையனுக்கு.
நைட் ஷிப்டு முடிந்து வெடியால திரும்பும்போது
என் செருப்புச் சத்தத்துக்குக்
குரைப்பதை நிறுத்திக்கொண்ட நாய்க்கும்.
நாள்கூட நினைவிருக்கிறது,
தீபாவளி கழிந்த மூன்றாவது நாள்.

மார்கழியில் இருமல் நிற்கவில்லை.
பயிற்சிக்கு வந்திருந்த பூங்கோதை, பவானிக்காரி,
"அக்கா, இன்னிக்கு நீங்க அந்தப் பக்கம்" என்று
என் நெஞ்சைத் தகட்டில் சாய்த்துத்
தோள்களை முன்னால் தள்ளினாள்.
தகடு சில்லென்றிருந்தது,
அவள் விரல்களும்.
"மூச்சை இழுத்துப் பிடிங்க."
தினம் அறுபது தடவை நான் சொல்கிற வாக்கியம்.
எனக்கு யாரும் சொன்னதில்லை.
பிடித்தேன்.
டிக் கேட்ட பிறகும் பிடித்துக்கொண்டே நின்றேன்.
"அக்கா," கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்,
"விட்டுக்கலாமுங்க."

படத்தில் ஒன்றுமில்லை, வெறும் சளி.
ஓரத்தில் பெயர், வயது இருபத்தொன்பது,
ஊர் என்ற இடத்தில்
என்னைக் கேட்காமலே
ஈரோடு என்று அடித்திருந்தாள்.
திருத்தச் சொல்லவில்லை நான்.

அன்று இரவு கீழ்வீட்டிலிருந்து
அரிசிம்பருப்பு சோறு, நெய் மிதக்க, மிளகு தூக்கலாய்.
காலையில் டிபன்பாக்ஸைக் கழுவித்
திருப்பிக் கொடுத்துவிட்டு
வழக்கம்போல் "வாரேன்" சொல்ல வாயெடுத்தேன்.
"வாரேனுங்" என்று வந்தது.

அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.
"மூடியக் காணமே கண்ணு" என்றாள்.